பார்க்கிறார்கள், கேட்கிறார்களில்லை

கேள்வி: நிலாவெளியில் ஐந்து அறைகளுடன் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். போன வருடம் காசு கொடுத்து ஒரு வெப்சைட் செய்வித்தோம். மாதம் நானூறு பேர் வரை வந்து பார்ப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் அதைப் பார்த்து அறை கேட்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் எல்லோரும் முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாக வருகிறார்கள், அதற்கு 15 வீதம் கொமிஷன் போகிறது. வெப்சைட்டைத் திரும்பவும் புதிதாகச் செய்ய வேண்டுமா?
– நிலாவெளி வாசகி

பதில்: வேண்டாம் அக்கா. இருப்பதில் பாதியைக் கழற்றினாலே போதும்.

நீங்கள் அனுப்பிய முகவரியை என் போனில் திறந்தேன். கொஞ்ச நேரம் வெள்ளைத் திரை. பிறகு அலை அடிக்கும் வீடியோ ஒன்று திக்கித் திக்கி ஓடியது, அதற்கு மேல் 'அன்புடன் வரவேற்கிறோம்'. கீழே இறங்கினால், தண்ணீருக்குள் கால் நட்டு நிற்கும் மரக் குடில்கள். அது மாலைதீவுப் படம் அக்கா! நிலாவெளிக்கு ஒரு தடவை வந்தவனுக்கே தெரிந்துவிடும். விலையைத் தேடினேன், 'கட்டண விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்' என்றிருந்தது. சரி, தொடர்புகொள்வோம் என்று போனால் ஒன்பது கட்டங்கள் உள்ள படிவம், அதில் பாஸ்போர்ட் இலக்கமும் கேட்டிருக்கிறது. அறை இருக்கிறதா என்று கேட்க வந்தவரிடம் பாஸ்போர்ட் இலக்கம் எதற்கு?

அந்த நானூறு பேர் யார் என்று முதலில் யோசியுங்கள். பெரும்பாலானோர் உங்களைத் தற்செயலாகக் கண்டவர்கள் இல்லை. முன்பதிவுத் தளத்தில் உங்கள் விடுதியின் பெயரைப் பார்த்துவிட்டு, அதே பெயரைக் கூகுளில் போட்டுத் தேடி வருகிறார்கள். பாதி மனம் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். இந்த இடம் உண்மையிலேயே இருக்கிறதா, நேரடியாகக் கேட்டால் ஏதும் லாபமா, யாரிடம் கேட்பது – இவ்வளவும்தான் அவர்கள் அறிய வருவது. உங்கள் பக்கம் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவர்கள் திரும்பிப் போய் அங்கேயே பதிவு செய்கிறார்கள்.

லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவுக்கு 10,000 ரூபா வீதம் மூன்று இரவென்றால் 30,000. அதில் கொமிஷன் 4,500. நேரடியாக வருபவருக்கு இந்த 4,500இல் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் உங்களுக்கு மிச்சம்தான். ஆனால் சட்டென்று விலையைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். தங்கள் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் போடக்கூடாது என்று சில ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும், உங்களுடையதை எடுத்து வாசியுங்கள். அப்படி இருந்தால் விலையைத் தொட வேண்டாம், காலைச் சாப்பாட்டைச் சேருங்கள். அல்லது ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவருவதைச் சேருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் விடியற்காலையில் திருகோணமலையில் இறங்குகிறார்கள். நிலாவெளிக்கு இன்னும் 15 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, அறையோ பின்னேரம் இரண்டு மணிக்குத்தான். அதுவரை பிள்ளைகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. 'விடிய வந்தாலும் பரவாயில்லை. ஓட்டோ அனுப்புகிறோம், பைகளை வைக்கலாம், குளித்து உடுப்பு மாற்றலாம்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி உங்கள் வீடியோவைவிட நன்றாக வேலை செய்யும்.

வேறு என்ன எழுதுவது என்று குழம்ப வேண்டாம். உப்புவெளியில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நான் இருந்த காலத்தில் போனில் கேட்கப்பட்டவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். எவ்வளவு, கடலுக்கு எத்தனை நிமிட நடை, ஏசி உண்டா, சுடுதண்ணீர் வருமா, புறாமலைத் தீவுக்குப் போட் நீங்களே ஒழுங்கு செய்வீர்களா. உங்கள் போனுக்கு வரும் கேள்விகளை இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள், பக்கத்துக்கு வேண்டியது அதில் இருக்கும். புறாமலையைப் பற்றி எழுதும்போது, போட் காசு வேறு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். கரைக்கு வந்த பிறகு இன்னொரு கட்டணம் என்றால் வெள்ளைக்காரர் ஏமாற்றுகிறீர்கள் என்றே நினைப்பார். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், போட் ஓடாமல் போகலாம் என்பதையும் மறைக்காதீர்கள். அதனால் ஒன்றிரண்டு பேர் வராமல் போவார்கள்தான், வந்துவிட்டுக் குறை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

படங்களை உங்கள் போனிலேயே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கட்டில், குளியலறை, அறை வாசலில் நின்றால் தெரியும் காட்சி. குளியலறைப் படத்தை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பெண்கள் முதலில் தேடுவதே அதைத்தான். ஒவ்வொரு படத்தையும் 200 கேபிக்குள் சுருக்கச் சொல்லுங்கள். வீடியோவைத் தூக்கிவிடுங்கள். திறக்க 3 செக்கனுக்கு மேல் எடுக்கும் பக்கங்களை, கைபேசியில் வருபவர்களில் 53 வீதத்தினர் விட்டுப் போகிறார்கள் என்று கூகுள் 2016இலேயே சொல்லியிருக்கிறது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் எது இழுத்தடிக்கிறது என்று இலவசமாகக் காட்டும். வெப்சைட்டைச் செய்தவரிடம் அதைக் காட்டித் திருத்துவியுங்கள்.

அப்புறம் அந்தப் படிவம். அதற்குப் பதிலாக ஒரு வட்ஸ்அப் பொத்தான் போதும், பக்கத்தின் அடியில் எப்போதும் தெரியும்படி. உங்கள் இலக்கம் இப்போது பூச்சியத்தில் தொடங்குகிறது. பொத்தானில் அப்படியே போட்டால் அது வேலை செய்யாது, பூச்சியத்தை எடுத்துவிட்டு முன்னால் 94 போட வேண்டும். அழுத்தியதும் 'வணக்கம், எத்தனையாம் திகதி, எத்தனை பேர்' என்ற செய்தி தானாக வந்து நிற்கும்படியும் செய்யலாம், அவர் விபரத்தை நிரப்பி அனுப்பினால் சரி. ஆனால் ஒன்று, முன்பதிவுத் தளம் அந்த நொடியிலேயே உறுதி சொல்கிறது. நீங்கள் அடுத்த நாள் பதில் எழுதினால் பொத்தான் வைத்தும் பிரயோசனமில்லை. மகனிடமோ மருமகளிடமோ போனைப் பொறுப்புக் கொடுங்கள்.

தமிழ்ப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் லண்டன், கனடாவிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வரும் நம்மவர்களுக்காக அதை வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். என் போனில் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத்தான் தெரிந்தன. கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. எல்லாப் போன்களிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலை. சனி, ஞாயிறுகளில் கொழும்பு, கண்டியிலிருந்து வருபவர்களுக்குச் சிங்களத்திலும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்து, நானூறு பேரில் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். பேஸ்புக் பக்கம் இருக்கிறது. வெப்சைட்டும் தேவையா?
– திருகோணமலை வாசகி

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை தங்கச்சி. கூகுள் பிஸ்னஸ் புரொபைலில் இலவசமாகப் பதிந்துவிடுங்கள், 'கேக் திருகோணமலை' என்று தேடுபவர் கண்ணில் படுவீர்கள். வீட்டு முகவரியை மறைத்து, கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டவும் அதில் வழி உண்டு. பேஸ்புக்கில் 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்க' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு கிலோ பட்டர் கேக் எவ்வளவு, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், உவர்மலைக்குக் கொண்டுவந்து தர எவ்வளவு, எல்லாவற்றையும் படத்தின் கீழேயே போடுங்கள்.