மூன்று மாதம் தாண்டியும் விடாத இடுப்பு வலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். காட்பாடி, குடியாத்தம் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். நாள்பட்ட இடுப்பு வலி, முதுகு வலி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். திடீரென்று சிறுநீர் போக முடியவில்லை அல்லது அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, கால் நாளுக்கு நாள் பலம் இழக்கிறது என்றால் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அடுக்கம்பாறை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் இரவில் அடங்காத வலி இருந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். முதுகெலும்பிலும் டிபி வரும், அதை விட்டுவிடக்கூடாது.

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறேன், வயது 41. ஸ்கேனில் எல்-4 எல்-5 டிஸ்க் பல்ஜ் என்று வந்ததிலிருந்து குனியவே பயம். இரண்டு வருடமாகக் குடம் தூக்கியதில்லை, ஆனாலும் வலி கூடிக்கொண்டேதான் போகிறது. ஜவ்வு விலகினது விலகினதுதானா?

பதில்: இல்லை அக்கா. இந்த "விலகிடுச்சு" என்கிற வார்த்தைதான் பாதிப் பயத்துக்குக் காரணம். சைக்கிள் செயின் மாதிரி டிஸ்க் கழன்று போகாது, மேலேயும் கீழேயும் எலும்போடு இறுகப் பிடித்திருக்கும், ஓரம் கொஞ்சம் புடைப்பதைத்தான் பல்ஜ் என்று எழுதுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த பல்ஜ் இருந்தது, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்!

அப்படியானால் வலி ஏன் கூடுகிறது? அடுத்த முறை கீழே கிடக்கும் சாவியை எடுக்கும்போது உங்களையே கவனியுங்கள். மூச்சை அடக்குவீர்கள், ஒரு கையைச் சுவரில் ஊன்றுவீர்கள், முதுகைப் பலகை மாதிரி இறுக்கிக்கொண்டு முழங்காலில் மட்டும் இறங்குவீர்கள். இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, இரண்டு வருடமாக. இறுகியே இருக்கிற தசை வலிக்கத்தான் செய்யும், வேலை கொடுக்காததால் பலமும் போயிருக்கும்.

குடத்திலிருந்தே ஆரம்பியுங்கள். காலிக் குடத்தை முக்காலி மேல் வைத்து, மூச்சை விட்டபடி தூக்கி இறக்குங்கள், ஐந்தே தடவை. நாலைந்து நாள் கழித்து அதையே தரையிலிருந்து. அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பிறகு இரண்டு சொம்பு. எண்ணிக்கையை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வலி இல்லாத நாளில் இருபது தூக்கிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. கொஞ்சம் வலி கூடி மறுநாளுக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, அதே அளவில் தொடருங்கள். கம்பெனியில் அரை மணிக்கு ஒருமுறை, தண்ணீர் குடிக்கவாவது எழுந்திருங்கள்.

கேள்வி (குடியாத்தம்): காலையிலிருந்து முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிறேன். எல்லா டெஸ்டும் நார்மல். "எல்லாம் உன் மனசுலதான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் நடிக்கிறேனா?

பதில்: இல்லம்மா. உங்கள் வலி நிஜம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வலி வேலை செய்கிற விதமே அப்படி. நம்ம கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களை வருடக்கணக்கில் கவனித்தார். விரல்கள் தேய்ந்து போவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாததுதான் என்று எடுத்துக்காட்டினார். சுடு பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் முள் ஏறினாலும் தெரியாது, புண் மேல் புண். அதனால் வலி என்பது நமக்குக் காவல். ஆனால் ஒருமுறை திருடனைப் பார்த்துவிட்ட தெருநாய் அப்புறம் பால்காரரைக் கண்டாலும் குரைக்கிற மாதிரி, மாதக்கணக்கில் நீடித்த வலியில் நரம்பும் மூளையும் சின்ன விஷயத்துக்கெல்லாம் எச்சரிக்கை அடிக்கப் பழகிவிடுகின்றன. டெஸ்டில் இது தெரியாது, வலி மட்டும் நிஜமாகவே தெரியும்.

மனசுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் வீட்டில் சொல்கிற அர்த்தத்தில் இல்லை. வாரக் கடன் கட்டும் நாளுக்கு முந்தின ராத்திரி வலி அதிகமாகிறதா, தூக்கம் கெட்ட மறுநாள் அதிகமாகிறதா என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குறித்துப் பார்த்துவிட்டு அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். கடனை என்னால் தீர்க்க முடியாது, ஆனால் எதனால் கூடுகிறது என்று தெரிந்தாலே "முதுகு உடைந்துபோச்சு" என்ற பயம் இறங்கும். நூறு பீடிக்கு ஒருமுறை முறத்தை இறக்கி வைத்து வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். கால் மாற்றி உட்காருங்கள், சுவரில் சாயுங்கள், எது சரியான உட்காரும் முறை என்று தேட வேண்டாம், மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி (ராணிப்பேட்டை, லாரி டிரைவர்): ஒன்றரை வருடமாக இடுப்பு வலிக்கு பெல்ட் போடுகிறேன். கழற்றலாமா?

பதில்: கழற்றலாம் அண்ணா, எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ டாக்டர் போடச் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டு. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட், இழுவை சிகிச்சை எல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது, உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் பரிந்துரைத்திருக்கிறது. போடும் நேரத்தை தினம் ஒவ்வொரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டீக்கு நிறுத்தும்போது வண்டியைச் சுற்றி நாலு தடவை நடங்கள்.

கேள்வி (காட்பாடி, வயது 24): காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் முதுகு விறைப்பாக இருக்கிறது, நடந்தால் சரியாகிறது, படுத்தால் திரும்ப வருகிறது.

பதில்: தம்பி, இது வேறு வகை. முதுகெலும்பு மூட்டுகளில் வருகிற அழற்சி நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் வாத நோய் டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல மருந்து இருக்கிறது.

கேள்வி (ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்): கால் வரை இழுக்கும் வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் இது மனநோய் மாத்திரை என்றார்கள். நிறுத்திவிட்டேன்.

பதில்: ஐயா, மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு அதிக அளவில் கொடுப்பார்கள். இந்தச் சின்ன அளவு நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பது. வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். கண்ணழுத்தம், இதயக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுப்பதும் விடுவதும் அவரிடம் பேசித்தான்.

கேள்வி (பேரணாம்பட்டு): என் வீட்டுக்காரர் வலி வந்ததிலிருந்து திண்ணையை விட்டு இறங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார்.

பதில்: சகோதரி, இந்த வார்த்தையைச் சாதாரணமாக விடாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனதில் இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே கூட பேசலாம். நாள்பட்ட வலியில் மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம், அதற்கு வைத்தியம் பார்த்தால் வலியும் தாங்கக்கூடியதாகும். நடக்கவே முடியாத நிலை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வீட்டில் எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டிருப்பீர்கள், பாசத்தில்தான். ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகட்டும், முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். திரும்பி வந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், கடையில் யாரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.