பிளாக் மெட்டலும் நோர்வேயும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெர்கனில் இருபது வருடமாக வசிக்கிறோம். பதினாறு வயது மகன் கொஞ்ச நாளாக, ஹெவி மெட்டல் ராக் இசையின் ஒரு கிளையான பிளாக் மெட்டல் கேட்கிறான். அந்தப் பாட்டுக்காரர்கள் தேவாலயங்களை எரித்தவர்கள், ஆள் கொன்றவர்கள் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஃபான்டோஃப்ட் தேவாலயமே எரிந்தபின் மறுபடி கட்டியதுதான் என்று இப்போதுதான் தெரியும். ஆனால் அதே இசையை இங்கே ஓப்பரா மாளிகையும் தேசிய நூலகமும் மதித்து வைத்திருக்கின்றன. மகனோடு கதைத்துப் பார்த்தால், "இசை வேறு, குற்றம் வேறு" என்கிறான். அப்படிப் பிரிக்க முடியுமா? இந்தக் கூட்டம் இந்த நாட்டை உண்மையில் என்ன செய்தது? மக்களின் மதநம்பிக்கையை உடைத்ததே இவர்கள்தான் என்கிறார்களே, சரியா?

ஒரு வாசகர், பெர்கன்

அன்புள்ள நண்பருக்கு,

மதநம்பிக்கை பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அவர்கள் எதையும் உடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் லூதரன் தேசியத் திருச்சபையில் இருந்தார்கள். இன்று ஆறு பேர் சொச்சம். ஆனால் இப்படி ஓர் எரிப்பு அலையைக் காணாத ஸ்வீடனிலும் இதே இறக்கம்தான். அங்கே 2000லேயே திருச்சபையும் அரசும் பிரிந்துவிட்டன. நோர்வே 2012ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜனவரி 1 முதல் திருச்சபையைத் தனிச் சட்ட அமைப்பாக்கியது. தேவாலயத்துக்குப் போவதை மக்கள் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டதன் விளைவு அது. தீப்பெட்டிக்கு அதில் பங்கில்லை.

பாதிப்பு விழுந்த இடம் மரம். உங்கள் வீட்டருகே இருப்பது முதலில் பெர்கனில் இருந்ததே அல்ல. சோன் ஃபியோர்டின் உட்கோடியில், ஃபோர்டுன் என்ற ஊரில் 1150ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. இடிபட இருந்ததை ஒருவர் விலைக்கு வாங்கிப் பிரித்து, 1883ல் ஃபான்டோஃப்டில் மீண்டும் நிறுத்தினார். 1992 ஜூன் 6 அதிகாலையில் அது எரிந்தது. 1997ல் கட்டி முடித்த மறுஆக்கத்தைத்தான் இன்று வேலிக்கு உள்ளே பார்க்கிறீர்கள். அதே 1992ல் ஓஸ்லோவின் ஹோல்மென்கோலன் சிற்றாலயமும் உங்கள் ஊரின் ஓசனே தேவாலயமும் எரிந்தன. 1996க்குள் நாடெங்கும் ஐம்பதுக்குக் குறையாத தேவாலயங்கள் தாக்கப்பட்டதாகக் கணக்கு. துப்புத் துலங்கியவற்றில் பெரும்பாலும் பிடிபட்டவர்கள் இந்த இசையைச் சேர்ந்த இளைஞர்களே.

இவ்வகைத் தேவாலயம் தீயில் ஏன் நிற்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இழப்பின் அளவு புரியும். இவற்றை ஸ்டாவ் தேவாலயங்கள் என்பார்கள். ஸ்டாவ் என்றால் தூண். கல்லடுக்கின் மேல் கனமான மர உத்தரங்களைச் சட்டமாகக் கிடத்தி, அவற்றின் மேல் பைன் மரத் தூண்களை நிறுத்துவார்கள். தூணைத் தரையில் நட்ட முந்தைய கட்டடங்கள் அடியில் இற்று விழுந்தன. கல்மேல் ஏற்றியதால்தான் இவை எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டின. மழைக்கும் பூஞ்சைக்கும் காப்பாகச் சுவரிலும் கூரை ஓட்டிலும் பைன் தார் பூசுவார்கள். வெயிலில் உருகி வடிந்துவிடும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். இப்படி நூற்றாண்டுகளாகத் தார் குடித்த உலர்ந்த மரம், நடுவில் உயரமான கூடம், மேலே அடுக்கடுக்கான கூரை. அடியில் தீ வைத்தால் கூடமே புகைபோக்கியாகி நெருப்பை உச்சிக்கு இழுத்துவிடும். மலைப் பள்ளத்தாக்குகளில் இருப்பவற்றுக்குத் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். இடைக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்ததாகக் கருதப்படுபவற்றில் நோர்வேயில் இன்று எஞ்சியிருப்பவை 28.

அந்த 28ஐயும் காப்பது இப்போது ஒரு தனி வேலை. வெப்பத்தையும் புகையையும் உணரும் கருவிகள், தானாகத் திறக்கும் நீர்த்தெளிப்புக் குழாய்கள் என்று பலவற்றில் பொருத்தியிருக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. சூடேற்றாத கட்டடத்தில் குளிர்காலத்தில் குழாய்க்குள் நீர் நின்றால் உறைந்து குழாய் வெடிக்கும். ஆகவே எச்சரிக்கை எழும்வரை குழாயைக் காலியாகவே வைக்க வேண்டும். உள்ளே வெள்ளமாகக் கொட்டினால் பழைய வண்ணப் பூச்சு கரைந்துபோகும். அங்கே பனித்திவலை போல நுண்ணியதாகத் தூவ வேண்டும். கம்பிகளையும் குழாய்களையும் பழைய மரத்தில் ஆணி அடிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

எனக்குப் பெரிதாக வலிப்பது வேறொன்று. கிறிஸ்தவத்துக்கு முந்தைய, ஓடின் என்ற பழைய கடவுளின் நோர்வேயை மீட்பதாகச் சொல்லித்தான் சிலர் எரித்தார்கள். அந்தப் பழைய உலகின் மரச்செதுக்கல் எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், இந்தத் தேவாலயங்களில்தான். கூரை முகட்டு நாகத்தலைகளும் வாசலில் பின்னிக்கிடக்கும் விலங்குகளும் வைக்கிங் காலக் கைகளின் நேர் வாரிசுகள். மீட்கிறோம் என்றவர்கள் கொளுத்தியது அதைத்தான்.

அடுத்து மனிதர்கள். மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞரும், ஓஸ்லோவில் 1991 முதல் இந்தக் கூட்டம் கூடிய 'ஹெல்வெட்டே' இசைத்தட்டுக் கடையின் உரிமையாளருமான ஓய்ஸ்டைன் ஆர்செத்தை, 1993 ஆகஸ்ட் 10 அன்று பர்ஸம் என்ற பெயரில் தனியாக இசைத்துவந்த வார்க் விகெர்னெஸ் குத்திக் கொன்றார். 1994 மே மாதம் கொலைக்கும் மூன்று தேவாலய எரிப்புகளுக்குமாக, அந்நாட்டின் உச்ச தண்டனையான 21 ஆண்டு சிறை கிடைத்தது. ஃபான்டோஃப்ட் எரிப்பில் மட்டும் ஜூரி அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. இந்தக் கொலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு ஓராண்டு முன்னால், 1992 ஆகஸ்டில், லில்லெஹாமரில் எம்பரர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஓர் ஒருபாலீர்ப்பு ஆணைக் கொன்றார். 14 ஆண்டு தண்டனை, சுமார் ஒன்பதாண்டில் விடுதலை. இறந்தவருக்கு இசைத்தட்டும் இல்லை, ரசிகர்களும் இல்லை. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுவது அநியாயம். உங்கள் மகனிடம் இந்த இரண்டாவது கொலையையும் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் நல்ல இசை பிறந்ததா என்றால், பிறந்தது. அது நெருப்பிலிருந்து வரவில்லை. ஹெவி மெட்டலில் வழக்கமாக இரண்டு மூன்று தந்திகளில் பவர் கார்டு என்ற எளிய சுரச்சேர்க்கையைப் பிடித்து, உள்ளங்கை விளிம்பால் தந்தியை அடக்கி வெட்டி வெட்டி வாசிப்பார்கள். ஆர்செத்தும் தோர்ன்ஸ் குழுவின் ஸ்நோரே ரூக்கும் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். மைனர் கார்டின் எல்லாச் சுரங்களும் ஒலிக்க, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் மேலும் கீழும் இடைவிடாமல் ஓடும். ஒன்றில் ஒன்று கரைந்து, வேகமாக வாசித்தும் மெதுவாக நகர்வதுபோலக் கேட்கும். அடியில் டிரம்ஸ் இயந்திரம்போல அடிக்கும்போது கீழ் ஸ்தாயி அதிகமாக இருந்தால் எல்லாம் சேறாகிவிடும். அதனால்தான் பாஸைக் குறைத்து, கிட்டாரை மெல்லிய உரசலாக வைத்தார்கள். மட்டமாகப் பதிவு செய்தாலே பிளாக் மெட்டல் ஆகிவிடும் என்று நினைத்த பின்னோர் சறுக்கியது இங்கேதான்.

இந்த ஒலி உருவான முக்கியமான இடம் உங்கள் ஊர். 1978ல் திறந்த கிரீக்ஹாலன், பெர்கன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் அரங்கம். அங்கே ஒலிப்பதிவுக் கலைஞர் ஐரிக் ஹுண்ட்வின், பிட்டன் என்று அழைக்கப்படுபவர், மேஹெம், பர்ஸம், எம்பரர், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் எல்லாரையும் பதிவு செய்தார். 1994ல் வந்த மேஹெம் தட்டில் டிரம்ஸுக்குப் பின்னால் கேட்கும் வெட்டவெளி, அந்தப் பெரிய அரங்கின் எதிரொலி. பொதுப்பணத்தில் எழுந்த அரங்கமும் பொறுமையுள்ள ஒரு தொழில்காரரும் இல்லாமல் இந்த இசை இப்படி ஒலித்திருக்காது.

அரசு கொண்டாடுகிறது என்கிறீர்களே, அது படிப்படியாக நடந்தது. முதலில் நீதிமன்றம் ஆட்களைத் தண்டித்தது. இசையை யாரும் தடை செய்யவில்லை. நாட்டில் வெளியாகும் இசைத்தட்டுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம்; நல்லது கெட்டது பார்க்காமல் அங்கே எல்லாம் சேர்ந்தன. டார்க்த்ரோன் என்ற பிளாக் மெட்டல் குழுவின் 1992 தட்டு பின்னாளில் அந்நூலகத்தின் நிரந்தரக் கண்காட்சியிலேயே இடம்பிடித்தது. 2001 முதல் ஈஸ்டர் விடுமுறையில் ஓஸ்லோவில் இன்ஃபெர்னோ விழா நடக்கிறது. 2011ல் டிம்மு போர்கிர் குழு வானொலி இசைக்குழுவுடனும், 2013ல் சாட்டிரிகான் குழு தேசிய ஓப்பராவின் பாடகர் குழுவுடனும் மேடையேறினார்கள். அரசியல் சட்டத்தின் 200ஆம் ஆண்டான 2014ல், அது எழுதப்பட்ட ஐட்ஸ்வோல் ஊருக்காக ஓர் இசைப் படைப்பைக் கேட்டபோது, அதைச் செய்தவர்கள் என்ஸ்லேவ்டின் ஈவார் பியோர்ன்சனும், கோர்கொரோத்தில் டிரம்ஸ் வாசித்துப் பின்னர் வார்ட்ரூனாவைத் தொடங்கிய ஐனார் செல்விக்கும். இந்த உப பண்பாடு நாட்டுக்குச் செய்த நல்லது என்று நான் எண்ணுவது இதையே. பழைய இசைக்கருவிகளையும் ரூன் எழுத்துகளையும் தீயில்லாமல், கொலையில்லாமல், படித்துப் பழகி எடுத்து வந்தார்கள்.

பிரிக்க முடியுமா என்றீர்கள். பாதிதான் முடியும். நான் மேலே சொன்ன அதே மேஹெம் தட்டில் ஆர்செத்தின் கிட்டார் இருக்கிறது, அவரைக் கொன்ற விகெர்னெஸின் பாஸும் இருக்கிறது. பாஸை நீக்கிவிடும்படி ஆர்செத்தின் பெற்றோர் கேட்டார்கள், நீக்கப்படவில்லை. அதைக் கேட்பவர் அதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இனவாதக் கறையும் உண்மை. விகெர்னெஸ் 2014ல் பிரான்சில் இனவெறுப்பைத் தூண்டியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். டார்க்த்ரோனின் 1994 தட்டின் பின்னட்டையில் 'நோர்வேஜிய ஆரிய பிளாக் மெட்டல்' என்றே அச்சிட்டார்கள். அதன் டிரம்ஸ் கலைஞர் ஃபென்ரிஸ் பின்னர் அந்நாட்களுக்காக வருத்தம் தெரிவித்தார். உங்கள் மகனின் தோல் நிறத்தில் ஒரு பையன் இதைக் கேட்கும்போது, யாருடைய சட்டையை வாங்குகிறோம், காசு யாருக்குப் போகிறது என்று பார்ப்பது அவன் உரிமை. தடுக்காதீர்கள், பாடல்வரிகளை எடுத்து வைத்து அவனோடு படியுங்கள். உங்கள் நோர்வேஜிய மொழி அதற்குப் போதும். காதையும் கவனியுங்கள்: 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதி நேரமே தாங்கும்; 100 டெசிபெலில் கால் மணி. கச்சேரிக்குப் போனால் காதடைப்பான் கட்டாயம்.

கோடையில் அவனை ஊர்னெஸுக்கு அழைத்துப் போங்கள். சோல்வோர்னில் படகேறி ஃபியோர்டைக் கடந்தால் மேட்டில் அவ்வூர் ஸ்டாவ் தேவாலயம் நிற்கிறது. வடக்குச் சுவரைப் பாருங்கள். முந்தைய தேவாலயத்திலிருந்து எடுத்துப் பதித்த பதினோராம் நூற்றாண்டுச் செதுக்கல் அங்கே இருக்கிறது. அதே கரையில் ஃபியோர்டின் உட்பக்கமாக வண்டி ஓட்டினால் ஃபோர்டுன் வரும். உங்கள் வீட்டருகே எரிந்தது முதலில் நின்ற ஊர்.