கேள்வி பதில்: கவுன்சிலர் இல்லாத காலத்தில் வந்த கொரோனா

கொரோனா நாட்களில் உங்கள் ஊர் மாநகராட்சியும் பஞ்சாயத்தும் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்ததில் திட்டும் கடிதங்கள்தான் அதிகம். பாராட்டும் கொஞ்சம் இருந்தது, அதில் பாதி ரேஷன் கடைக்காரர்களுக்கு.

கேள்வி: 2020-இல் மாநகராட்சி தினமும் ஏதோ ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு வந்திருக்கிறது என்பதை வாட்ஸ்அப் வதந்தி மூலமாகத்தான் தெரிந்துகொண்டோம். அப்புறம் எதற்கு அந்தப் பட்டியல்? (வாசகி, பெரம்பூர்)

பதில்: பட்டியலுக்குக் குறைச்சலே இல்லை அம்மா. காலையில் மாநகராட்சி மண்டல வாரியாக ஒரு கணக்கு கொடுத்தது, மாலையில் சுகாதாரத் துறை மாவட்ட வாரியாக இன்னொரு கணக்கு கொடுத்தது, டி.வி.யில் அது ஓடுகிற நேரத்துக்கு வீட்டில் எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். ஆனால் சென்னை மாநகராட்சியில் அப்போது மண்டலங்கள் 15, வார்டுகள் 200. உங்கள் திரு.வி.க. நகர் மண்டலத்தில் இத்தனை பேருக்குத் தொற்று என்று சொன்னால், லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிற இடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு மூன்றாவது குறுக்குத் தெருவில் இருப்பவர் பால் வாங்கப் போகலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வார்? மண்டலத்துக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் கவுன்சிலர், அவர்தான் அப்போது இல்லை.

பலர் இதை மறந்தே போய்விட்டார்கள். முந்தைய மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு ஒழுங்காக இல்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதன் பிறகு இழுத்து இழுத்து நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். அதாவது கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாவதின் பெரும்பகுதி, எல்லாம் தமிழ்நாட்டு நகரங்களில் மேயரும் இல்லாமல் கவுன்சிலரும் இல்லாமல் கடந்து போயிற்று. எல்லாவற்றையும் அதிகாரிகளே பார்த்தார்கள். கவுன்சிலர்கள் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியாதா! இருந்திருந்தால் தேனும் பாலும் ஓடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்திருக்கும், அடுத்த தேர்தலை நினைத்தாவது அவர் எழுந்து வந்திருப்பார்.

அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் வீடு வீடாக வந்த காய்ச்சல் கணக்கெடுப்புப் பணியாளர்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள், அதில் பெண்கள் நிறைய. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு நோட்டு, நெற்றியில் காட்டுகிற தெர்மாமீட்டர், சிலரிடம் விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர். கேட்டுக்கு வெளியே நின்று "காய்ச்சல், சளி, இருமல் யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார்கள். உள்ளே ஒருவர் இருமிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிற்பவர் "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்பார். அந்தப் பெண்ணுக்கும் இருமல் கேட்கும். மறுநாள் அதே வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அதே குரலில் கேட்பார். தெருமுனைக் காய்ச்சல் முகாமுக்கு ஆட்கள் வந்ததற்கு இந்தப் பெண்கள் முக்கியமான காரணம் என்பது என் கணக்கு. பட்டியல் பார்த்துவிட்டு முகாமுக்குப் போன ஒருவரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஊரடங்கு போட்டதைக்கூட மன்னிக்கலாம் சார், அதை அறிவித்த விதத்தை மன்னிக்க முடியாது. சரியா? (வாசகர், கோவை)

பதில்: சரிதான். 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை அறிவிப்பு வருகிறது: ஞாயிறு காலை 6 மணி முதல் 29-ஆம் தேதி இரவு வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, காய்கறிக் கடையும் கிடையாது. நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒன்றே ஒன்று. உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், சென்னையில் மொத்த ஜனமும் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேட்டிலும் தெருமுனைக் கடையிலும் நின்றது. ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில். கூட்டம் கூடக்கூடாது என்பதற்காகப் போட்ட ஊரடங்கு, அறிவித்த முறையாலேயே கூட்டத்தைக் கூட்டிவிட்டது. மே 5-இல் கோயம்பேடு சந்தையை மூடினார்கள், காய்கறி திருமழிசைக்குப் போனது. அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்களும் லாரியில் வந்தவர்களும் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியிருந்தார்கள், அந்த மாவட்டங்களின் எண்ணிக்கை விறுவிறுவென ஏறியது. அந்த ஒரு சனிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன், சந்தைக்குள் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருக்கலாம். ஆனால் வண்டியில் வீட்டு வாசலுக்கே காய்கறி வரும் என்பதை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு கடையை மூடுகிறோம் என்று சொல்லியிருக்கலாமே. நாலு நாளைக்குக் கடை இல்லை என்று மட்டும் காதில் விழுந்தால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

கேள்வி: இ-பாஸ்? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டுதானே? சென்னையில் வேலை, செங்கல்பட்டில் வீடு என்று இருந்தவர்களிடம் இதைக் கேட்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கிடைக்கும் என்றார்கள், செப்டம்பர் முதல் மாநிலத்துக்குள் தேவையே இல்லை என்றார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றுக்கு எதற்கு விண்ணப்பம் என்று யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும், அவர் வாழ்க.

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் நாங்களே முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்தோம். பஞ்சாயத்தும் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டது, மருந்தும் அடித்தது. இதெல்லாம் வீணா? (வாசகர், கும்பகோணம் அருகே ஒரு கிராமம்)

பதில்: தெருவில் மருந்து அடித்ததால் பெரிய பலன் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதத்தில், திறந்த தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மண்ணும் குப்பையும் பட்டாலே குளோரின் செயலிழந்துவிடும். ஆனால் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரை டிராக்டர் டேங்கரில் ஏற்றி ஊரைச் சுற்றியவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டிய நேரம் அது. சீமைக் கருவேல முள் சமாச்சாரம் வேறு. முள்ளைப் போட்டால் வெளியூர்க்காரர் வராமல் இருப்பார், பிரசவ வலி வந்தால் 108-ம் வராது. நல்ல தலைவர் இருந்த ஊர்களில் முள்ளை எடுக்கச் சொல்லி, பதிலுக்கு இரண்டு இளைஞர்களை நோட்டோடு உட்கார வைத்து, வருகிறவர் பெயரையும் எங்கிருந்து வருகிறார் என்பதையும் எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்து, சென்னையிலிருந்து வந்தவர்களை அங்கே தங்க வைத்து, வீட்டுச் சாப்பாட்டை வாசலில் வைக்கச் சொன்னவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தஞ்சாவூர் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் முடிந்து, தலைவர்கள் 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றார்கள். நாற்காலி சூடாவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. இருந்தாலும், ஊராட்சிச் செயலர், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர் என்று நாலு பேரைக் கூப்பிட்டு வேலை சொல்ல ஒருவர் இருந்தார். திருநெல்வேலி, தென்காசி, விழுப்புரம், காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் அதுவும் இல்லை, அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அதே சமயம், தலைவர் இருந்த ஊர்களிலும் கிராம சபை கூடவில்லை. 2020 அக்டோபர் 2 கூட்டத்தைக் கொரோனாவைச் சொல்லி ரத்து செய்தார்கள். டாஸ்மாக் வரிசையில் நிற்கலாம், ஆலமரத்தடியில் இடைவெளி விட்டு உட்காரக் கூடாது என்றால் என்ன நியாயமோ.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் சேர்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனபோது தடுத்து நிறுத்தினார்கள். உதவி செய்வதும் குற்றமா? (வாசகர், திருச்சி)

பதில்: 2020 ஏப்ரலில் நேரடியாகப் போய் விநியோகிக்கக் கூடாது, அதிகாரிகளிடம் கொடுங்கள் என்று அரசு சொன்னது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. நீதிமன்றம் போனது, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, குறைந்த ஆட்களோடு போய்க் கொடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அரசு சொன்னதில் ஒரு பாதி எனக்குப் புரிகிறது. ஒரே பிளாட்பாரத்துக்கு ஐந்து வண்டி சாம்பார் சாதம் வரும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் வடமாநிலத் தொழிலாளர் கொட்டகைக்கு ஒன்றும் வராது. பொட்டலத்தை விட போட்டோ எடுக்கும் கூட்டம் பெரிதாக இருக்கும். ஆனால் அதற்கு மருந்து, யாருக்கு இன்னும் போகவில்லை என்று சொல்வதுதான், கொடுக்காதே என்பது இல்லை. வார்டு வாரியாக அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஆள் இல்லாததால் தடை போட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒழுங்காக நடந்தவை, ஏற்கனவே பழகிய பாதையில் போனவைதான். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்பது 2013-லிருந்து இருப்பது, ஊரடங்கில் சென்னையில் காசு வாங்காமலும் போட்டார்கள். ரேஷன் கடையில் 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும். தேதியும் நேரமும் போட்ட டோக்கனைக் கடைக்காரரே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம், வட்டத்துக்குள் ஆளுக்குப் பதில் ஒரு செருப்பு, ஒரு மஞ்சள் பை, ஒரு செங்கல். அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேப்பமர நிழலில் ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: வீட்டுக்கதவில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தகரம் அடித்ததும் இன்றும் ஆறவில்லை. பக்கத்து வீட்டார் ஒரு வருடம் பேசவில்லை. (வாசகி, முகப்பேர்)

பதில்: ஆறாதுதான். முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் ஒட்டினார்கள், நடிகர் கமல்ஹாசனின் ஆழ்வார்பேட்டை முகவரியில்கூட ஒட்டிவிட்டு அப்புறம் எடுத்தார்கள். பிறகு தொற்று வந்த வீடுகளின் வாசலைத் தகரம் அடித்து அடைத்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரி சட்டப்படி தனியாக உத்தரவு போட்டால் ஒழிய நோயாளிகள் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை என்றது. தகரம் அடித்த தெருவில் அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார், அதுதான் நடந்தது. இதே சென்னையில் இதற்கு நேரெதிரான ஒரு வேலையும் நடந்தது. ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களை எடுத்து, தனிமையில் இருக்கும் வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தர அனுப்பினார்கள். வாசலில் வந்து "என்ன வேணும் சொல்லுங்க" என்று கேட்ட பையனுக்காக வீட்டுக்குள் இருந்தவர்களே அதிகம். தகரத்துக்கு ஆன செலவில் இன்னும் நிறையப் பையன்களை வேலைக்கு வைத்திருக்கலாம்.

கேள்வி: 2021 மே மாதம் அப்பா இறந்தார். பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கிறது, 12 நாளில் போய்விட்டார். ஆவணத்தில் நிமோனியா என்று இருக்கிறது. நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இனி வழி உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: முயன்று பாருங்கள். பாசிட்டிவ் ஆன 30 நாட்களுக்குள் இறந்தால் அதைக் கொரோனா மரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும். சான்றிதழில் வேறு காரணம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி 50,000 ரூபாய் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. 2022 மார்ச் 20-க்கு முந்தைய மரணங்களுக்கு விண்ணப்பக் கெடு அந்த ஆண்டு மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கெடுவுக்குள் வர முடியாதவர்கள் குறைதீர் குழுவை அணுகலாம், அவர்கள் காரணம் பார்த்து முடிவு செய்வார்கள் என்றும் அதே நீதிமன்றம் வழி வைத்தது. பரிசோதனை ரிப்போர்ட், மருத்துவமனைக் காகிதங்கள், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கணக்கு விடுபட்டதில் உங்கள் குடும்பம் தனி இல்லை. இறப்புப் பதிவேடு மாநகராட்சியிடம், தினசரி அறிக்கை சுகாதாரத் துறையிடம், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கேள்வி கிளம்பிய பிறகுதான் 2020 ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள்.

கேள்வி: இன்னொன்று வந்தால் இப்போதாவது தயாரா? (வாசகர், மதுரை)

பதில்: பாதி. நகரத்தில் இப்போது கவுன்சிலர் இருக்கிறார், 2022 நவம்பர் 1 முதல் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையும் கூட்டத் தொடங்கினார்கள், பம்மலில் முதல்வரே போய் உட்கார்ந்தார். ஆனால் கிராமத்தில் தலைகீழ்: 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. மாறி மாறி ஒரு பக்கம் காலியாகவே இருக்க வேண்டும் என்று ஏதாவது வேண்டுதலா தெரியவில்லை.

நீங்கள் மதுரைக்காரர், ஏரியா சபை கூடினால் போங்கள். சாலை, சாக்கடை எல்லாம் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: இந்த வார்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில், டயாலிசிஸ் போகிறவர்கள் யார், இந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லை என்றால் அங்கேயே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.