கேள்வி – பதில்: கொடும்பாளூரின் மூன்றாவது கோயில்

கேள்வி: விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்த்தோம். இரண்டு விமானங்கள்தானே நிற்கின்றன, மூன்றாவது எங்கே? இவ்வளவு சிறிய ஊரில் இவற்றைக் கட்டியவர் யார்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மேற்கு நோக்கி வரிசையாக எழுந்த மூன்று கற்றளிகளில் (கல்லால் கட்டிய கோயில்களில்) நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதுமே முழுமையாக எஞ்சியுள்ளன. வடபுறத்ததை இன்று அதன் அடித்தளத்தைக் கொண்டே அறியலாம். சுற்றிலும் தரைமட்டத்தில் தெரியும் கல்வரிசைகள், பரிவாரத் தெய்வங்களுக்கென இருந்த சிறு கோயில்களின் எச்சங்கள்.

கட்டியவரை நடு விமானத்தின் கல்வெட்டே சொல்கிறது. கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுளாக அமைந்த அது, கொடும்பாளூரை ஆண்ட குறுநில மன்னர்களான இருக்குவேளிரின் மரபை வரிசைப்படுத்தி, அம்மரபினரான பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் பெயருடைய தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்களை எடுப்பித்ததையும், மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் (சைவப் பிரிவுகளுள் ஒன்று) துறவிக்குப் பெரிய மடம் ஒன்றை அளித்து, அங்கு 50 துறவியர் உண்பதற்காக 11 ஊர்களைத் தானமாக விட்டதையும் கூறுகிறது. தேவியர் பெயரால் தனித்தனிக் கற்றளி எழுந்ததையும், அன்னத்துக்கான ஏற்பாட்டையும் கல்லிலேயே படிக்க முடிவதால், நம் கோயில் வரலாற்றில் இதற்கு இணையான சான்று மிகச் சிலவே என்பேன்.

காலத்தில்தான் கருத்து வேறுபாடு உண்டு. சுந்தர சோழனோடு போரிட்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனைப் பூதி வென்றதாகக் கல்வெட்டு சொல்வதால் சுந்தர சோழன் காலமான 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பர் ஒரு சாரார். காவிரிக்கரையில் பல்லவர் படையை முறியடித்ததாகவும் வருவதால், பல்லவர் ஆட்சி முடிவதற்கு முந்தைய 9ஆம் நூற்றாண்டின் இறுதி என்பர் மற்றொரு சாரார்.

‘சிறிய ஊர்’ என்பது இன்றைய தோற்றம் மட்டுமே. சோழநாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் பழைய வழி இங்குதான் மூன்றாகப் பிரிந்தது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும்போது, ‘கொடும்பை நெடுங்குளக் கோட்டகம்’ (கொடும்பாளூரின் நெடுங்குளக் கரை) புகுந்தால் பாதை சிவபெருமான் ஏந்திய சூலம்போல மூன்றாகக் கிளைத்துச் செல்லும் என்கிறான். அந்த வழியைக் காத்த வேளிரின் தலைநகர் இது. 63 நாயன்மாருள் ஒருவரான இடங்கழியாரும் இவ்வூரிலிருந்து ஆண்ட வேளிர் குலத்தவரே.

மறுமுறை சென்றால் கூரை விளிம்புக்குக் கீழே ஓடும் பூதகண வரிசையை நின்று பாருங்கள். ஒவ்வொரு பூதத்தின் முகமும் வெவ்வேறு. அருகிலுள்ள முசுகுந்தேசுவரர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அது முற்காலச் சோழர் காலத்தில் மகிமாலய இருக்குவேள் எடுப்பித்தது.