கெளுத்தித் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு: கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி: ஒரு ஏக்கர் குளத்தில் பங்கேசியஸ் கெளுத்தி வளர்க்கிறேன். சோயாப் பிண்ணாக்கு விலை கட்டுப்படியாகாததால், நான்கு மாதங்களாகக் கடலைப் பிண்ணாக்கையும் எண்ணெய் நீக்கிய தவிட்டையும் சரிபாதியாகக் கலந்து, உருண்டை பிடித்துப் போடுகிறேன். புரதம் குறையவில்லை என்று தீவனக் கடைக்காரர் சொல்கிறார். மீன்களோ எடை ஏறவில்லை. தவறு எங்கே?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யன்று. 100 கிலோ கலவையில் கடலைப் பிண்ணாக்கு ஏறத்தாழ 21 கிலோ புரதத்தையும் தவிடு 6 கிலோவையும் தருகின்றன. 27 கிலோ புரதம் கெளுத்திக்குப் போதுமானதே. ஆனால் மீனுக்கு வேண்டியது புரதம் மட்டுமன்று, அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள். அவற்றுள் லைசின்தான் கடலையில் மிகவும் குறைவு. சோயாப் புரதத்தின் 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் லைசின் இருக்க, கடலைப் புரதத்தில் அது மூன்றரை கிராம் அளவே. அமெரிக்காவின் சானல் கெளுத்திக்கு 100 கிராம் புரதத்தில் சுமார் 5 கிராம் லைசின் தேவை என்று கண்டிருக்கிறார்கள். அதை அளவுகோலாகக் கொண்டால், உங்கள் 100 கிலோ தீவனத்தில் 1.4 கிலோ லைசின் இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோதான் இருக்கிறது. லைசின் தீர்ந்ததும் எஞ்சிய புரதம் தசையாக மாறாமல் எரிந்து, அம்மோனியாவாகக் குளத்து நீரில் கலந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய புரதம் நீரைக் கெடுக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே சோயாவை அடியோடு விடாதீர்கள். சோயா 30, கடலை 20, தவிடு 50 என்று கலந்தால் புரதம் ஏறத்தாழ 28 கிலோவும் லைசின் 1.4 கிலோவும் வந்துவிடும். லைசினைத் தூளாகவே வாங்கிச் சேர்க்கலாமே என்று தோன்றலாம். ஆலையில் அழுத்திச் செய்யும் குருணைத் தீவனத்துக்கு அது பொருந்தும்; கையால் பிடித்த ஈர உருண்டையிலிருந்து அது மீன் வாய்க்குப் போகுமுன் நீரில் கரைந்துவிடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள்: மக்கிய வாடையோ, உடைந்த முகத்தில் பச்சை படிந்த பூஞ்சையோ தெரிந்தால் அந்த மூட்டையை ஒதுக்கிவிடுங்கள். வாடை இல்லை என்பதனாலேயே பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இல்லை என்றாகாது. ஈரம் பட்ட மூட்டையை வாங்காதிருப்பதே நல்லது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்குப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்ததே அப்போதுதான். டிரவுட் மீனைவிடக் கெளுத்தி இந்நஞ்சைத் தாங்கும் என்றாலும், அதைச் சாக்காக வைத்துக் கெட்டுப்போனதைக் குளத்தில் கொட்டுவது நியாயமில்லை.

கேள்வி: மாட்டுக்கு வைக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கை மீனுக்குப் போடலாமா? பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற பொருள் நஞ்சு என்கிறார்களே?
— வாசகர், பெரம்பலூர்

பதில்: அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தியும் கெளுத்தியும் ஒரே மண்ணில் விளைகின்றன. எனவே அங்கே இக்கேள்வி நெடுங்காலமாக ஆராயப்பட்டது. லைசின் சேர்த்துக் கொடுத்தால் சோயாவின் பாதி அளவை உமி நீக்கிய பருத்திப் பிண்ணாக்கால் ஈடுகட்டலாம் என்று அங்கே கண்டார்கள். சந்தை எடைக்கு வளர்க்கும் கட்டத்தில் மீன்தூள் ஏறக்குறைய இல்லாமலேயே அங்கு தீவனம் தயாராகிறது. காசிபாலைக் கெளுத்தி ஓரளவு தாங்கும். ஒரு கிலோ தீவனத்தில் 900 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் வளர்ச்சி குறையும். அதைவிட, காசிபால் லைசினோடு ஒட்டிக்கொண்டு அதை மீனுக்கு எட்டாமல் செய்வதுதான் நடைமுறைச் சிக்கல். உமியோடு ஆட்டிய மாட்டுப் பிண்ணாக்கில் நார் மிகுதி. பசுவின் வயிறு அதைச் செரிக்கும், மீனின் குடல் செரிக்காது. அதை வாங்காதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளக் குளூட்டன் மலிவாகக் கிடைக்கிறது. 60 சதவீதம் புரதமாமே?
— வாசகர், நாமக்கல்

பதில்: உண்மைதான், ஆனால் அதிலும் லைசின் மிகக் குறைவு. தவிர, அதன் மஞ்சள் நிறமி மீனின் சதையில் ஏறிவிடும். வெள்ளைச் சதைக்காகவே பங்கேசியஸ் வாங்கும் சந்தையில் மஞ்சள் துண்டுகளை வியாபாரி விலை குறைத்துத்தான் எடுப்பார். சிறிதளவு சேர்ப்பதானாலும், அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிடுங்கள்.