கர்ணன் என்றால் துரியோதனன் யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மேலதிகாரியின் பணி ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பழக்கம் குறைவு, எழுதி வைத்துத்தான் படித்தேன். யாருக்குக் கஷ்டம் என்றாலும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடும் மனிதர் அவர். ஒருமுறை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே ஓர் ஊழியரின் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்துவிட்டார். அதையெல்லாம் மனதில் வைத்து, "இவர் எங்கள் அலுவலகத்தின் கர்ணன்" என்று முடித்தேன். கைதட்டல் ஓய்வதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு மூத்தவர், "அப்படியானால் துரியோதனன் யாரப்பா?" என்றார். அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த நிர்வாக இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

இலக்கியத்தைத் தொட்டுப் பேசுவதே தப்பா? கேட்பவருக்குக் கதை தெரியாவிட்டால் வீண், தெரிந்தால் இப்படி வம்பு. பள்ளியில் படித்த அணிகளெல்லாம் எதற்குத்தான் உதவும்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

அந்த மூத்தவர் குறும்புக்காரர்தான், ஆனால் இல்லாத எதையும் அவர் சொல்லிவிடவில்லை. நீங்கள் கூப்பிட்ட கதையில் மிச்சம் இருந்ததைச் சொன்னார். கர்ணன் என்று பெயரைச் சொன்னால் கொடை மட்டும் தனியாக வராது. துரியோதனனிடம் பட்ட நன்றிக்கடனும், அவையில் திரௌபதியை இழிவாகப் பேசிய பேச்சும், பரசுராமரின் சாபமும், மண்ணில் புதைந்த தேர்ச்சக்கரமும் கூடவே வந்துவிடும். பேச்சு வழக்கில் அந்தப் பெயர் தேய்ந்து தேய்ந்து 'கொடையாளி' என்பதற்கு இன்னொரு சொல்லாகிவிட்டது. அதனால் இதையெல்லாம் நாம் நினைப்பதில்லை. ஒரே ஒருவர் நினைத்துவிட்டால் போச்சு.

ஒரு பழைய கதையைத் தொடும்போது அதன் எந்தப் பக்கம் கேட்பவருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் நம் வேலை. இதில் சங்கப் புலவர்கள் மகா கெட்டிக்காரர்கள். புறநானூற்றின் 378ஆம் பாட்டைப் பாருங்கள். ஊன்பொதி பசுங்குடையார் சோழன் இளஞ்சேட்சென்னியிடம் பரிசு பெற்றதைப் பாடுகிறார். நகையையே பார்த்திராத அவருடைய சுற்றத்தார், விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் மாட்டுகிறார்கள். இடுப்புக்கானது கழுத்துக்கும் கழுத்துக்கானது இடுப்புக்கும் போகிறது. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் ராமாயணம் வருகிறது: அரக்கன் கவர்ந்து சென்றபோது சீதையின் நகைகள் நிலத்தில் விழ, அவற்றை எடுத்து அணிந்துகொண்ட குரங்குக் கூட்டத்தைப் போல இருந்தார்களாம்.

யோசித்தால் அது எவ்வளவு துயரமான இடம்! கடத்தப்படுகிற ஒரு பெண்ணின் நகை அது. பரிசு கொடுத்த அரசனைப் பாடும் பாட்டில் அந்தத் துயரம் நுழைந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நுழையவில்லை. விரலும் காதும் முதலில் வந்துவிட்டதால், கதைக்குள் போகும்போதே நம் கண் குரங்குகளின் மேல் நிற்கிறது. சிரிக்கத்தான் தோன்றுகிறது. இன்னொன்று, ராமாயணக் கதை அன்றைய கேட்பவர்களுக்குத் தெரியும் என்று அவர் எவ்வளவு நிம்மதியாக நம்பியிருக்கிறார், கவனித்தீர்களா? கதையை அவர் விளக்கவே இல்லை.

இளங்கோவடிகளுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். சிலப்பதிகாரத்தில் கோவலன் போன பிறகு புகார் நகரம் எப்படி வாடியது என்று சொல்ல, "அருந்திறல் பிரிந்த அயோத்தி போல" என்கிறார், அரிய ஆற்றல் கொண்ட ராமன் பிரிந்துபோன அயோத்தியைப் போல என்று. மனைவியை விட்டு மாதவியிடம் போய்க் கிடந்த கோவலனுக்கு ராமனா ஒப்பு? நம் முன்வரிசை மூத்தவர் கேட்டால் சும்மா விடுவாரா! ஆனால் வரியைத் திரும்பப் படித்தால், ஊருக்கு ஊர்தான் ஒப்பு. ஆளுக்கு ஆள் அல்ல. ராமன் நிழலாக மட்டும் வந்து போகிறான். இதைச் சொல்பவன் மாதவியின் ஓலையைக் கோவலனிடம் கொண்டுவந்த கோசிகமாணி என்பது தனி வேடிக்கை.

மேடைப் பேச்சுக்கு வருகிறேன். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். "நூறு ஆண்டுகளுக்கு முன்" என்று அவர் தொடங்கியிருக்கலாம். "ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன்" என்று ஒரு பழைய கணக்கில் தொடங்கினார். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் தன் உரையை "நான்கு இருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்" என்று தொடங்கியிருந்தார், அதன் எதிரொலி இது. லிங்கனின் கணக்கிலேயே விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வாடை உண்டு. கிங்கின் அந்த வாக்கியத்தில் லிங்கனின் பெயரே கிடையாது, யாருடைய நிழலில் நிற்கிறோமோ அந்த மாபெரும் அமெரிக்கர் என்று மட்டும்தான் வரும். பின்னால் சிலை உட்கார்ந்திருக்கும்போது பெயர் எதற்கு?

அதே உரையில் கறுப்பின மக்களின் நியாயமான அதிருப்தியைப் புழுங்கும் கோடை என்கிறார். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தின் முதல் வரியில் அதிருப்தியின் குளிர்காலம் வரும். அதைச் சொல்பவன், கொலைகள் செய்து அரியணை ஏறப்போகிற ஆள்! கிங் பருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார். விடுதலையின் இலையுதிர்காலம் வராமல் அந்தக் கோடை போகாது என்று பருவத்தை நீட்டியும் விட்டார். நாடகமே தெரியாதவருக்கும் புழுக்கம் தெரியும் அல்லவா? கதை தெரியாவிட்டால் வீண் என்ற உங்கள் கவலைக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான். வாக்கியம் தன் காலிலேயே நிற்க வேண்டும். உங்கள் "எங்கள் கர்ணன்" அப்படி நிற்கவில்லை. கர்ணன் யாரென்று தெரியாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கல்லூரிக் கட்டணக் கதையைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். எவ்வளவு நல்ல நிகழ்ச்சி அது, எனக்கு எழுதியிருக்கிறீர்கள், மேடையில் சொன்ன மாதிரி தெரியவில்லையே! அதைச் சொல்லிவிட்டு, "உடம்போடு ஒட்டியிருந்த கவசத்தை ஒருவன் அறுத்துக் கொடுத்தான் என்று படித்தபோது நான் நம்பவில்லை, அன்றைக்குத்தான் நம்பினேன்" என்று நிறுத்தியிருப்பேன். பெயரைச் சொல்லவே மாட்டேன். தெரிந்தவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள், அவர்களே கண்டுபிடித்த சந்தோஷம் அவர்களுக்கு. தெரியாதவர்களுக்கும் கவசம் புரியும். துரியோதனன் உள்ளே வரக் கதவு இருக்காது.

அணிகள் எதற்கு உதவும் என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டியலாக மனப்பாடம் செய்தால் மதிப்பெண்ணுக்கு உதவும். மற்றபடி, நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல உதவும். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், தலைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்ட பரத்தை, அவளுடைய ஆட்கள் காதில் விழும்படி பேசுகிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊர்க்காரன் தலைவன் என்கிறாள். ஊர் வர்ணனை மாதிரிதான் இருக்கிறது. பழம் யார், மீன் யார், யார் யாரைத் தேடிப் போனார்கள் என்று கேட்ட தோழிமார் வீட்டுக்குப் போகும் வழியில் கணக்குப் போட்டிருப்பார்கள். இதைத்தான் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்கிறார். இதற்கு வெளியிலிருந்து எந்தக் கதையும் தேவையில்லை. பழமும் மீனும் போதும்.

ஆகவே தொட்டுப் பேசுங்கள், தப்பே இல்லை. உங்கள் நிர்வாக இயக்குநர் சிரிக்காததைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவருக்குக் கதை நன்றாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.