குதிரை லாயமும் வீடும் ஒரே கூரையின் கீழ்: எதில் கவனம் வேண்டும்?

குதிரை லாயத்தையும் குடியிருப்பையும் ஒரே கட்டடமாகக் கட்டுபவர்கள் எதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்பது கேள்வி. இத்தகைய லாய வீட்டில் கீழே குதிரைகளும், மேலேயோ பக்கத்திலோ மனிதர்களும் வசிப்பார்கள். செலவைக் குறைக்கவே கூடாத இடம், என் கணிப்பில், இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புதான்.

குதிரையின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வாயு உண்டாகிறது. காற்றைவிட இலேசான அது மேலெழுந்து, மின்கம்பிக்காகப் போட்ட சிறு துளை கிடைத்தாலும் படுக்கையறைக்குள் நுழைந்துவிடும். ஓர் அறையில் பெயின்ட் அடித்தால், கதவைச் சாத்திய பிறகும் அடுத்த அறையில் வாடை வருகிறதல்லவா, அதைப் போன்றதுதான் இது. ஆகவே தடுப்பின் இடுக்குகளை அடைத்து, லாயத்துக் காற்று தனி வழியில் வெளியேறச் செய்ய வேண்டும்.

தீ அதைவிடப் பெரிய அபாயம். ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள உலர்புல் கட்டுகள் உள்ளுக்குள் சூடேறித் தாமாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றைத் தள்ளியுள்ள கொட்டகையில் வைத்து, தடுப்பைத் தீ தாங்கும் பொருளால் கட்டி, வீட்டுக்கு லாயத்தின் வழியே செல்லாத தனி வாசலும் அமைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் லாயத்தின் சன்னல்களை முழுவதும் அடைப்பதே குதிரைக்கு நல்லது எனப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குதிரை குளிரை நன்றாகவே தாங்கும், தேங்கிய காற்றைத்தான் அதன் நுரையீரல் தாங்காது.